இரண்டு மானிட்டரில் லைட்ரூம்: கல்யாணப் படங்களைப் பிரிக்க உட்காரும் புதியவர்களுக்கு

ஒரு முகூர்த்தத்துக்கு இரண்டு கேமரா ஓடினாலே மூவாயிரம், நாலாயிரம் படம் சேர்ந்துவிடுகிறது. ஆல்பத்துக்குப் போவது அதில் சில நூறுதான். லேப்டாப்பின் ஒரே திரையில் இதைப் பிரிக்க உட்கார்ந்தால், சின்னச் சின்னதாக வரிசையில் பார்க்கும்போது யார் கண் மூடியிருக்கிறார்கள் என்று தெரியாது, ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தால் அதே தருணத்தில் இன்னும் எத்தனை படம் இருக்கிறது என்பது மறைந்துபோகும், அதனால் பெரிதாக்கு, சிறிதாக்கு, பெரிதாக்கு என்று இரவெல்லாம் போகும். இரண்டாவது மானிட்டர் தீர்த்துவைப்பது இந்த ஒரு தொல்லையைத்தான். ஒரு திரையில் வரிசை, இன்னொன்றில் படம். இதற்காக விலை உயர்ந்த எதையும் வாங்க வேண்டியதில்லை, ஆனால் எந்தத் திரைக்கு என்ன வேலை என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். அதைச் செய்யாமல் மானிட்டரை மட்டும் வாங்கி மாட்டியவர்கள் ஒரு திரையில் லைட்ரூமும் இன்னொன்றில் யூடியூபுமாக உட்கார்ந்திருப்பதைப் பல ஸ்டூடியோக்களில் பார்க்கலாம்.

இங்கே நான் சொல்லப்போவது லைட்ரூம் கிளாசிக் பற்றி, படங்களைப் பிரிக்கவும் திருத்தவும் அடோபி தரும் மென்பொருள் அது. லைட்ரூம் என்று மட்டும் பெயர் கொண்ட, படங்களை மேகச் சேமிப்பில் வைக்கும் இன்னொரு மென்பொருள் உண்டு, அது வேறு. காசு கொடுக்காமல் கிடைக்கும் மென்பொருள்களைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

முதலில் கேபிள்

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் கணினியின் பின்பக்கத்தைப் பாருங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு போட்ட கணினியில் மதர்போர்டிலும் ஒரு எச்டிஎம்ஐ துளை இருக்கும், கார்டிலும் இருக்கும். மானிட்டரை மதர்போர்டுத் துளையில் சொருகினால், காசு போட்டு வாங்கிய கார்டு அந்தத் திரைக்கு நேரடியாக வேலை செய்யாது. இரண்டு மானிட்டரையும் கார்டிலேயே சொருகுங்கள். லேப்டாப்பில் யூஎஸ்பி சி துளை வழியாக இணைக்க நினைத்தால், அந்தத் துளை படத்தை வெளியே அனுப்பும் வகைதானா என்று பார்த்துவிட்டுக் கேபிள் வாங்குங்கள். பல லேப்டாப்புகளில் அது சார்ஜுக்கும் ஃபைல் மாற்றவும் மட்டும்தான். எம் 1, எம் 2 சில்லு கொண்ட மேக்புக் ஏர் ஒரே ஒரு வெளி மானிட்டரைத்தான் நேரடியாக ஏற்கும், லேப்டாப் திரையோடு சேர்த்து இரண்டு ஆகிவிடுகிறது என்பதால் நமக்கு அது போதும்.

4கே மானிட்டர் வாங்கியவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். எச்டிஎம்ஐ 1.4 தரத்தில் 4கே திரை நொடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கப்படும், மவுஸ் இழுத்து இழுத்து நகர்வது போல இருக்கும். எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2 இருந்தால் 60 முறை வரும்.

விண்டோஸில் வைக்கும் முறை

விண்டோஸ் சாவியோடு பி (P) தட்டுங்கள். வரும் பட்டியலில் எக்ஸ்டெண்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். டூப்ளிகேட் வைத்தால் இரண்டிலும் ஒரே காட்சிதான் தெரியும். அப்புறம் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே என்று போனால் 1, 2 என்று எண்ணிட்ட இரண்டு கட்டங்கள் இருக்கும். உங்கள் மேசையில் மானிட்டர்கள் எப்படி இருக்கின்றனவோ அதே போல அந்தக் கட்டங்களை இழுத்து வையுங்கள். வெளி மானிட்டர் மேசையில் இடப்பக்கம் இருந்து, இங்கே வலப்பக்கம் இருந்தால், மவுஸ் தினமும் சுவரில் முட்டும். இரண்டு கட்டங்களின் மேல் ஓரமும் மேசையில் இருக்கிற உயரத்துக்கு ஏற்ப இருக்கட்டும்.

அதே பக்கத்தில் ஸ்கேல் என்று ஒன்று இருக்கிறது. லேப்டாப் 125 அல்லது 150 சதவீதத்திலும் வெளி மானிட்டர் 100 சதவீதத்திலும் இருப்பது சகஜம், அதில் தவறில்லை, எழுத்து படிக்க வசதியாக இருந்தால் சரி.

இங்கேயே நைட் லைட்டை அணைத்துவிடுங்கள். மேக்கில் ட்ரூ டோன், நைட் ஷிஃப்ட் இரண்டையும் அணையுங்கள். மாலை ஏழு மணிக்குத் திரை தானாக மஞ்சளாக மாறும் கணினியில் பட்டுப்புடவையின் நிறத்தைத் திருத்துவது வீண் வேலை.

லைட்ரூமில் இரண்டாவது விண்டோ

இந்த வசதி 2008-இல் வந்த லைட்ரூம் 2-இலேயே வந்துவிட்டது, அடிப்படை இன்றும் அதேதான். படங்களை அடுக்கிப் பார்க்கும் லைப்ரரி பகுதியில் இருக்கும்போது எஃப் 11 தட்டுங்கள், மேக்கில் கமாண்ட் எஃப் 11. சில லேப்டாப்புகளில் எஃப்என் சாவியையும் சேர்த்து அழுத்த வேண்டும். சாவி பிடிக்காவிட்டால் கீழே படங்கள் ஒரே வரிசையாக ஓடும் ஃபில்ம்ஸ்ட்ரிப் பட்டையின் இடது மூலையில் 1, 2 என்று இரண்டு சின்னத் திரைப் பொத்தான்கள் இருக்கும், 2-ஐச் சொடுக்கினால் போதும். இரண்டாவது மானிட்டரில் தனி விண்டோ திறக்கும். முழுத்திரையாக்க ஷிஃப்ட் எஃப் 11.

அந்த விண்டோவின் மேல் பட்டையில் கிரிட் (படங்களின் வரிசை), லூப் (ஒரே படம் பெரிதாக), கம்பேர் (இரண்டு படம் ஒப்பிட), சர்வே (பல படம் பக்கம் பக்கமாக) என்று நான்கு காட்சிகள். முழுத்திரையில் இருந்தால் ஸ்லைடுஷோ என்று ஐந்தாவதும் வரும். முதன்மை விண்டோவில் ஜி தட்டினால் கிரிட், ஈ தட்டினால் லூப் அல்லவா, அதே எழுத்துகளை ஷிஃப்ட்டோடு தட்டினால் இரண்டாவது விண்டோ மாறும். ஷிஃப்ட் ஜி, ஷிஃப்ட் ஈ, ஷிஃப்ட் சி, ஷிஃப்ட் என். இந்த நான்கையும் விரல் பழகிக்கொண்டால் மவுஸை அந்தத் திரைக்குக் கொண்டுபோகவே வேண்டியதில்லை.

ஒன்றை எதிர்பார்க்காதீர்கள். கருவிப் பலகைகளை, அதாவது டெவலப் எனும் திருத்தும் பகுதியில் வலப்பக்கம் இருக்கும் ஸ்லைடர்களை, பிடுங்கி இரண்டாவது திரைக்குக் கொண்டுபோக லைட்ரூமில் முடியாது. கேப்ச்சர் ஒன் என்ற இன்னொரு மென்பொருளில் முடியும், இரண்டு மானிட்டருக்கென்றே ஒரு அமைப்பும் அதில் தயாராக இருக்கிறது. லைட்ரூமில் கருவிகள் எப்போதும் முதன்மை விண்டோவில்தான். அடுத்து வருவதற்கெல்லாம் இதுதான் காரணம்.

எந்தத் திரை எதற்கு

பெரும்பாலானவர்களிடம் இருப்பது ஒரு சுமாரான லேப்டாப் திரையும், அதைவிட நல்ல ஒரு வெளி மானிட்டரும். பிரித்தெடுக்கும்போது முதன்மை விண்டோவைக் கிரிட்டாக லேப்டாப்பில் வையுங்கள், நல்ல மானிட்டரில் லூப். கூர்மையும் கண்களும் பெரிதாகத் தெரிய வேண்டிய இடம் அது. நிறம் திருத்த ஆரம்பிக்கும்போது இதை மாற்றிவிடுங்கள். திருத்தும் படம் ஸ்லைடர்களோடு சேர்ந்து முதன்மை விண்டோவில் இருப்பதால் முதன்மை விண்டோ நல்ல மானிட்டருக்குப் போக வேண்டும், இரண்டாவது விண்டோ கிரிட்டாக லேப்டாப்புக்கு வர வேண்டும். கிரிட்டில் ஒரு படத்தைச் சொடுக்கினால் அது உடனே டெவலப்பில் திறக்கும், ஃபில்ம்ஸ்ட்ரிப்பை மூடிவிட்டு அந்த இடத்தையும் படத்துக்கே கொடுத்துவிடலாம். விண்டோவை ஒரு திரையிலிருந்து அடுத்ததற்கு மாற்ற விண்டோஸ் சாவி, ஷிஃப்ட், அம்புக்குறி மூன்றையும் சேர்த்துத் தட்டுங்கள். இரண்டாவது விண்டோ முழுத்திரையில் இருந்தால் முதலில் ஷிஃப்ட் எஃப் 11 தட்டிச் சாதாரண விண்டோவாக்கிவிட்டு இழுங்கள்.

இந்த இடமாற்றத்தைப் பலர் செய்வதில்லை. லேப்டாப் திரையிலேயே நிறத்தைத் திருத்திக்கொண்டு, பக்கத்தில் நல்ல மானிட்டரை வெறும் பார்வைக்கு வைத்திருப்பார்கள். வேலை தலைகீழாக நடக்கிறது.

பிரித்தெடுத்தல்

உட்காரும் முன் லைட்ரூமுக்கு ஒரு வேலை கொடுத்துவிடுங்கள். எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்து, லைப்ரரி மெனுவில் ப்ரிவ்யூஸ் என்பதன் கீழே 1:1 ப்ரிவ்யூ உருவாக்கச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போங்கள். முழு அளவு ப்ரிவ்யூ தயாராக இல்லாவிட்டால் இரண்டாவது திரையில் ஒவ்வொரு படமும் மங்கலாக வந்து, ஒரு கணம் கழித்துத்தான் தெளியும், அந்தக் காத்திருப்பில் பொறுமை போய்விடும். இந்த ப்ரிவ்யூக்கள் டிஸ்க்கில் நிறைய இடம் பிடிக்கும், 30 நாள் கழித்துத் தானாக அழியும்படிதான் அமைப்பு ஆரம்பத்தில் இருக்கிறது, அப்படியே விட்டுவிடுங்கள்.

முதன்மை விண்டோவில் கிரிட், ஷிஃப்ட் டேப் தட்டி எல்லாப் பலகைகளையும் மறைத்துவிட்டால் திரை முழுக்கப் படங்கள். இரண்டாவதில் லூப். லூப்பின் மேல் வலப்பக்கத்தில் நார்மல், லைவ், லாக்டு என்று மூன்று சொற்கள் இருக்கும். நார்மலில் நீங்கள் தேர்ந்தெடுத்த படம் தெரியும். லைவில் மவுஸ் எந்தப் படத்தின் மேல் போகிறதோ அது தெரியும், சொடுக்கவே வேண்டாம். லாக்டுக்குப் பின்னால் வருகிறேன்.

தாலி கட்டும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சில நொடியில் கேமரா தொடர்ந்து ஓடியிருக்கும், ஒரே மாதிரி இருபது முப்பது படம் வரிசையாக இருக்கும். ஒன்றில் மாப்பிள்ளையின் கை சரியான இடத்தில் இருக்கிறது ஆனால் பெண்ணின் கண் மூடியிருக்கிறது, அடுத்ததில் கண் திறந்திருக்கிறது ஆனால் அட்சதை ஒன்று மூக்கின் மேல் வந்து நிற்கிறது, இன்னொன்றில் எல்லாம் சரி, பின்னால் நாத்தனார் முடிச்சுப் போடக் குனிந்ததில் முகமே இல்லை. லைவில் வைத்து மவுஸை அந்த வரிசையின் மேல் மெதுவாக ஓட்டுங்கள். நல்ல மானிட்டரில் அந்தத் தருணம் அப்படியே ஓடும், எது சரி என்று கண்ணே சொல்லும். நாலைந்து படம் போட்டி போட்டால் அவற்றைக் கண்ட்ரோல் பிடித்துத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட் என் தட்டுங்கள், இரண்டாவது திரையில் நாலைந்தும் பக்கம் பக்கமாக வந்துவிடும்.

சரி, எது வேண்டும் என்று தெரிந்ததும் பி (P), வேண்டாததற்கு எக்ஸ், குழப்பமாக இருந்தால் யூ. கேப்ஸ் லாக்கைப் போட்டுவைத்தால் ஒவ்வொரு முறை தட்டியதும் தானாக அடுத்த படத்துக்குப் போகும். முதல் சுற்றில் எக்ஸ் மட்டும் போடுங்கள் என்பது என் அபிப்பிராயம். நல்லதைத் தேடிக்கொண்டு போனால் ஒவ்வொரு படத்திலும் நின்றுவிடுவீர்கள், ஆகாததை ஒதுக்கிக்கொண்டே போவது வேகமாக நடக்கும், மீதி இருப்பதில் இரண்டாம் சுற்றுக்குக் கண் தெளிவாக இருக்கும்.

கூர்மையைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. 24 அங்குல முழு எச்டி மானிட்டரில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 92 புள்ளிகள், 27 அங்குல 4கே மானிட்டரில் சுமார் 163. அதனால் ஒரே படத்தை 100 சதவீதத்தில் வைத்தாலும் 4கே திரையில் அது சிறிதாக, கூர்மையாகத் தெரியும், சின்னக் குலுக்கல் கண்ணுக்கே படாது. எந்தத் திரையில் கூர்மையை முடிவு செய்ய ஆரம்பித்தீர்களோ அந்த ஒரே திரையில் முழுக் கல்யாணத்தையும் முடியுங்கள்.

நிறம்

இரண்டு மானிட்டர் வைத்தவுடன் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, ஏன் ஒரே படம் இரண்டிலும் வேறு வேறு நிறத்தில் இருக்கிறது என்பது. அரக்குச் சிவப்புப் பட்டும் அகலச் சரிகையுமாக ஒரு படத்தை இரண்டு திரையிலும் வைத்துப் பாருங்கள். விலை குறைந்த லேப்டாப்புகளின் விவரக்குறிப்பில் 45% என்டிஎஸ்சி என்று போட்டிருப்பார்கள், திரை எவ்வளவு நிறம் காட்டும் என்பதன் ஓர் அளவு அது, அந்தத் திரை எஸ்ஆர்ஜிபி எனும் பொது நிற அளவுகோலின் நிறங்களில் மூன்றில் இரண்டு பங்கைக்கூட எட்டாது. அரக்கு அதில் செங்கல் நிறமாக வெளிறிப்போகும், சரிகை வெறும் மஞ்சளாகிவிடும். அதைப் பார்த்துச் சிவப்பை ஏற்றினால், லேபில் பிரிண்ட் போட்டு வரும்போது புடவை ரத்தச் சிவப்பாக, மடிப்பே தெரியாமல் வந்து நிற்கும். புடவையை எடுத்துக் கொடுத்த அம்மாவுக்கு அதன் நிறம் மறக்காது.

ஆகவே நிறத்துக்கு ஒரே திரை. அது ஐபிஎஸ் வகைத் திரையாக, எஸ்ஆர்ஜிபி முழுவதையும் காட்டுவதாக இருந்தால் போதும், அதற்கு மேல் தொடங்கும்போது தேவையில்லை. டிஎன் வகைத் திரையில் தலையைக் கொஞ்சம் உயர்த்தினாலே நிழல் பகுதி மாறிவிடும், அதை நம்ப முடியாது.

அடுத்தது கேலிபரேஷன், அதாவது திரை காட்டும் நிறத்தை அளந்து சரிசெய்வது. திரையின் மேல் வைத்து அளக்கும் சின்னக் கருவியை டேட்டாகலர், கேலிபிரைட் போன்றவர்கள் விற்கிறார்கள். நான்கைந்து ஸ்டூடியோக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றில் விடலாம், தினமும் தேவைப்படும் பொருள் இல்லை. மானிட்டரை அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடான பிறகு அளக்க வேண்டும். வெண்மை 6500 கெல்வின், காமா 2.2, வெளிச்சம் 100 முதல் 120 நிட்ஸ் என்று வையுங்கள். இதில் வெளிச்சம்தான் பெரும்பாலும் கெடுக்கிறது. கடையிலிருந்து வரும் மானிட்டர் கண்ணைக் கூசும் அளவுக்குப் பிரகாசமாக இருக்கும், அதில் படம் வெளிச்சமாகத் தெரிவதால் நாம் எக்ஸ்போஷரைக் குறைப்போம், பிரிண்ட் இருட்டடித்து வரும். ஆல்பம் இருட்டாக இருக்கிறது என்று லேபிடம் சண்டைக்குப் போகும் முன் மானிட்டரின் பிரைட்னஸைப் பாருங்கள்.

இரண்டு திரையையும் தனித்தனியே அளந்து, ஒவ்வொன்றுக்கும் அதன் ப்ரொஃபைலை, அதாவது அளந்ததில் கிடைத்த நிறக் கோப்பை, கொடுங்கள். விண்டோஸில் கலர் மேனேஜ்மென்ட் என்று தேடினால் வரும் பெட்டியில் எந்த மானிட்டருக்கு எந்த ப்ரொஃபைல் என்று தனித்தனியாகப் பார்க்கலாம். ஒன்றின் ப்ரொஃபைல் இன்னொன்றுக்குப் பொருந்தாது, ஒரே கம்பெனியின் ஒரே மாடல் என்றாலும் பொருந்தாது. இவ்வளவு செய்தும் இரண்டு திரையும் முழுதாக ஒத்துப்போகாது, பரவாயில்லை, நெருக்கமாக வந்தால் போதும்.

எச்டிஎம்ஐயில் இணைத்த மானிட்டரில் கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் அது கேலிபரேஷன் பிரச்சினை இல்லை. கார்டு அதைத் தொலைக்காட்சி என்று நினைத்து 0 முதல் 255 வரை அனுப்புவதற்குப் பதில் 16 முதல் 235 வரை மட்டும் அனுப்புகிறது. கிராஃபிக்ஸ் கார்டின் அமைப்புக்குள் போய் அவுட்புட் ரேஞ்சை ஃபுல் என்று மாற்றுங்கள், கறுப்பு கறுப்பாகிவிடும்.

இப்போது லாக்டு. கோயிலில் எடுத்தது, மண்டபத்தின் எல்ஈடி வெளிச்சத்தில் எடுத்தது, வாசலில் வெயிலில் எடுத்தது என்று ஒரே புடவை மூன்று நிறத்தில் வந்திருக்கும். வெயிலில் எடுத்ததில் ஒன்றைச் சரியாகத் திருத்தி, அதை இரண்டாவது விண்டோவில் லூப்பில் வைத்து லாக்டு என்பதைச் சொடுக்குங்கள். இனி முதன்மை விண்டோவில் நீங்கள் எந்தப் படத்துக்குப் போனாலும் அந்தப் படம் அங்கேயே நிற்கும், அதைப் பார்த்துப் பார்த்து மற்றவற்றின் ஒயிட் பேலன்ஸைக் கொண்டுவரலாம். ஆனால் இதற்கு இரண்டு திரையும் நெருக்கமாக ஒத்துப்போக வேண்டும். உங்கள் லேப்டாப் திரை மோசம் என்றால் லாக்டை விட்டுவிட்டு டெவலப்பில் ஷிஃப்ட் ஆர் தட்டுங்கள், ஒரே திரையில் மாதிரிப் படமும் திருத்தும் படமும் பக்கம் பக்கமாக வரும்.

வீட்டார் வந்து உட்காரும்போது

ஆல்பம் செலக்‌ஷனுக்குக் குடும்பம் வரும்போது இரண்டாவது மானிட்டரை அவர்கள் பக்கம் திருப்பிவிடுங்கள். லூப், நார்மல், முழுத்திரை. ஃபில்டரில் பி போட்ட படங்களை மட்டும் வைத்தால் ஒதுக்கிய படம் எதுவும் அவர்கள் கண்ணில் படாது. லைவில் மட்டும் வைக்காதீர்கள், உங்கள் மவுஸ் நகரும் பக்கமெல்லாம் படம் தாவும், பெரியவர்களுக்குத் தலை சுற்றும். அவர்கள் திரையில் என்ன தெரிகிறது என்று எழுந்து போய்ப் பார்க்காமல் தெரிந்துகொள்ள, ஃபில்ம்ஸ்ட்ரிப்பின் 2 என்ற பொத்தானை அழுத்திப் பிடித்து ஷோ செகண்ட் மானிட்டர் ப்ரிவ்யூ என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு சின்னப் பெட்டியில் அது உங்கள் திரையிலேயே தெரியும்.

பெண் வீட்டார் கேட்பவை, மாப்பிள்ளை வீட்டார் கேட்பவை என்று பிரிக்க நிறக்குறிகளைப் பயன்படுத்தத் தோன்றும். லைட்ரூமில் ஒரு படத்துக்கு ஒரு நிறக்குறிதான், இரண்டு வீட்டாரும் ஒரே படத்தைக் கேட்டால் முதல் குறி அழிந்துவிடும். இரண்டு கலெக்‌ஷன் உருவாக்குங்கள், அதாவது படங்களைச் சேர்த்துவைக்கும் இரண்டு தனித் தொகுப்புகள். யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களுடைய கலெக்‌ஷனை வலச்சொடுக்கி டார்கெட் கலெக்‌ஷன் ஆக்கிவிட்டு, அவர்கள் தலையாட்டும் படத்தில் ஆங்கில எழுத்து வரிசையில் இரண்டாவதாக வரும் பி (B) தட்டினால் படம் அந்தத் தொகுப்பில் சேரும். பிரித்தெடுக்கும்போது தட்டியது பிக் என்பதன் பி (P), அதைத் தட்டினால் கொடிதான் விழும். உச்சரிப்பு ஒன்றுதான், சாவி வேறு.

காசு கொடுக்காமல்

லைட்ரூம் கிளாசிக் சந்தா கட்டினால்தான் ஓடும். டார்க்டேபிள் இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அதில் டார்க்ரூம் என்ற திருத்தும் பகுதிக்குள் போனால் படத்துக்குக் கீழே இரண்டாவது விண்டோவைத் திறக்கும் பொத்தான் இருக்கிறது. அதை நல்ல மானிட்டருக்கு இழுத்துவிட்டால் நீங்கள் திருத்தத் திருத்தப் படம் அங்கே முழுத்திரையில் மாறும், பெரிதாக்குவதும் நகர்த்துவதும் முதன்மை விண்டோவைச் சாராமல் தனியாக நடக்கும், அந்த விண்டோவுக்கென்று தனி நிற ப்ரொஃபைலும் கொடுக்கலாம். ஸ்லைடர்கள் லேப்டாப்பில், படம் நல்ல மானிட்டரில் என்று வைக்க இதில் முடிகிறது. ஆனால் இந்த விண்டோ திருத்துவதற்கு மட்டும்தான், பிரித்தெடுக்கும் லைட்டேபிளில் லைட்ரூம் போல இரண்டு திரையில் வேலை செய்ய முடியாது. ஒரு படத்துக்குப் பல நிறக்குறி வைக்க முடியும் என்பது டார்க்டேபிளின் நல்ல அம்சம், இரு வீட்டார் பிரச்சினை அங்கே இல்லை.

டிஜிகேம் என்பதும் இலவசம். அதன் ஒப்பீட்டு மேசையும் திருத்தும் பகுதியும் தனித்தனி விண்டோவாகத் திறப்பதால் அவற்றை அடுத்த மானிட்டருக்கு இழுத்து வைத்துக்கொள்ளலாம்.

மெதுவாகிவிட்டால், காணாமல் போனால்

டெவலப்பில் ஸ்லைடர் தாமதமாக நகர்ந்தால் எஃப் 11 தட்டி இரண்டாவது விண்டோவை மூடிப் பாருங்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் இரண்டு இடத்தில் வரைய வேண்டியிருப்பதால், அதுவும் ஒன்று 4கே என்றால், பழைய கணினி திணறும். தோல் திருத்தும் நேரத்துக்கு மூடிவைத்துவிட்டு மறுபடி திறந்துகொள்ளலாம்.

லேப்டாப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போய்த் திறந்தால் லைட்ரூம் ஓடுகிறது, விண்டோவைக் காணோம் என்று சில நேரம் ஆகும். அது வீட்டில் இருக்கும் மானிட்டரின் இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. கீழ்ப் பட்டையில் அதன் சின்னத்தைச் சொடுக்கிவிட்டு விண்டோஸ், ஷிஃப்ட், அம்புக்குறி தட்டுங்கள். வரவில்லையென்றால் ஆல்ட்டோடு ஸ்பேஸ் தட்டி, வரும் மெனுவில் மூவ் என்பதைத் தேர்ந்தெடுத்து, ஒரு அம்புக்குறியை ஒரு தடவை தட்டிவிட்டு மவுஸை நகர்த்தினால் விண்டோ மவுஸோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கேபிளைப் பிடுங்குவதற்கு முன்னால் முதன்மை விண்டோவை லேப்டாப் திரைக்குக் கொண்டுவந்துவிட்டு, இரண்டாவதை எஃப் 11 தட்டி மூடிவிட்டால் இந்தத் தேடல் தேவைப்படாது.